வாடை வந்ததா என்று கேட்டார்கள்

மார்ச் 4, திங்கள்

தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த டைரி. இரண்டு மாதம் வெறுமனே கிடந்தது. இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஜெயச்சந்திரன் சார். கால்நடைக் கல்லூரியில் பேராசிரியர். எங்கள் பண்ணையின் சாணித் தொட்டியிலிருந்து என்னென்ன வாயு எவ்வளவு வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறாராம். ஆராய்ச்சி அவருடையது. தினமும் இரண்டு வேளை தொட்டிக்கரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்.

"வெயில் எவ்வளவு, காத்து அடிக்குதா, தொட்டி மட்டம் என்ன, மேல ஏடு கட்டியிருக்கா, கலக்கினாங்களா, எல்லாத்தையும் எழுதுங்க ரேணுகாதேவி. எதனால கூடுது, எதனால குறையுதுன்னு அப்பத்தான் பிடிபடும்" என்றார். அதற்கென்று நீள நோட்டு ஒன்று தந்திருக்கிறார். அந்த நோட்டில் எழுத முடியாததை எல்லாம் இதில் எழுதலாம் என்றிருக்கிறேன்.

இரண்டு கருவிகளும் தந்தார். ஒன்று, அமோனியா எவ்வளவு என்று எண்ணில் காட்டும். இன்னொன்று தீப்பெட்டி அளவு. உடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு அளவு மீறினால் கத்தும். சேலையில் எங்கே மாட்டுவது என்று கேட்டேன். சிரித்தார்.

மார்ச் 8, வெள்ளி

காலை ஆறரைக்கு அமோனியா 14. மதியம் இரண்டுக்கு 31. கண் எரிகிறது. நூற்றிருபது மாடுகளின் சாணியும் மூத்திரமும் கழுவிய தண்ணீரும் ஒரே தொட்டியில் கிடந்தால் வேறென்ன வரும், மல்லிகைப்பூ வாசமா.

சார் போனில், "வெயிலுக்கும் அமோனியாவுக்கும் நேரடித் தொடர்பு பாருங்க" என்றார். எங்கள் ஊரில் எருமைக்குக்கூட அது தெரியும்.

மார்ச் 14, வியாழன்

மயில்சாமி அண்ணன் காலையிலிருந்து சிடுசிடுப்பு. பண்ணை முதலாளி. எங்கள் பாலை வாங்கும் பெரிய கம்பெனி மே மாதம் ஆய்வுக்கு வருகிறதாம். தொட்டி நாற்றம் இப்படியே இருந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ஏன் அம்மிணி, அளந்து அளந்து எழுதறயே, கொறைக்கறதுக்கு அந்த வாத்தியாரு ஒண்ணும் சொல்லலியா?" என்றார்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. முன்பு பால் சொசைட்டியில் பத்து வருடம் வேலை பார்த்தபோது, கொட்டகைச் சாக்கடை கண்ணைக் கரித்தால் புளித்த மோரைக் குடம் குடமாக ஊற்றுவோம். எரிச்சல் அடங்கிவிடும். இங்கே பனீர் போடும் இடத்தில் தினம் ஐநூறு லிட்டர் திரிந்த தண்ணீர் வீணாகிறது. அதைத் தொட்டியில் விட்டுப் பார்க்கலாம் என்றேன்.

"ஊத்து. அந்தத் தண்ணிய எங்க கொண்டு போய் விடறதுன்னு நானும் தெணறிக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றார்.

மார்ச் 15, வெள்ளி

ஊற்ற ஆரம்பித்தோம். மாகாளிதான் குழாய் இழுத்துப் போட்டான். தொட்டி வேலை முழுக்க அவன் பொறுப்பு. டிராக்டர் ஓட்டுவது, கலக்கி என்கிற சுழலும் மெஷினைத் தொட்டியில் இறக்குவது, கலங்கியதை டேங்கரில் உறிஞ்சித் தீவனப்புல் காட்டுக்கு அனுப்புவது எல்லாம். முப்பத்திரண்டு வயதிருக்கும். அவன் மனைவி நதியா இங்கேயே பால் பாத்திரம் கழுவுகிறாள். நான் ஏதாவது கேட்டால், நான் பால் சோதிக்கும் லேப்பின் வாசலில் நின்றுதான் மாகாளி பதில் சொல்வான். உள்ளே வா என்று நான் சொன்னதில்லை, அவனும் வந்ததில்லை.

மார்ச் 22, வெள்ளி

அமோனியா மதியம் இரண்டு மணிக்கு 9! கருவி கெட்டுவிட்டதோ என்று மூன்று தடவை பார்த்தேன். 9தான்.

மயில்சாமி அண்ணன் எல்லார் முன்னாலும், "அம்மிணி மூக்குக்குத் தங்கத்துல கவசம் போடலாம்" என்றார். ஆறு வருடத்தில் முதல் பாராட்டு. பொய் சொல்வானேன், சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இரண்டாவது தடவை தூங்கிவிட்டார்.

என் மூக்கைப் பற்றிக் கொஞ்சம் எழுதியாக வேண்டும். கேன் மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் பால் நேற்றுக் கறந்ததா, மாடு வேப்பந்தழை தின்றதா, கேனைச் சோப்புப் போட்டுச் சரியாக அலசவில்லையா என்று சொல்லிவிடுவேன். மெஷின் நல்ல பால் என்று காட்டிய கேனை நான் திருப்பி அனுப்பி, மதியத்துக்குள் அது திரிந்து, சொசைட்டித் தலைவரே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கிறார். தாராபுரத்துக்குத் தெற்கே பால்காரர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மார்ச் 25, திங்கள்

தொட்டிப் பக்கம் அழுகிய முட்டை நாற்றம். தீப்பெட்டிக் கருவி கத்து கத்தென்று கத்துகிறது. சாரிடம் போனில் சொன்னேன். "புளிப்பு ஏறினா அமோனியா அடங்கும், ஆனா அந்த வாயு கிளம்பும். ஏடு கட்டினா உள்ளயே நிக்கும். கலக்கும்போது மட்டும் ஜாக்கிரதை" என்றார். பிறகு, "நம்ம ஐடியா நல்லா வேலை செய்யுது இல்ல?" என்றார்.

நம்ம ஐடியா. சரி.

ஏப்ரல் 2, செவ்வாய்

தொட்டி நிரம்பியதால் கலக்கினார்கள். சாயங்காலம், நல்ல காற்று. அப்படியும் மாகாளி இரண்டு தடவை வாந்தி எடுத்தான். "தலை கிண்ணுனு இருக்குதுங்க்கா" என்று வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். மோர் கொடுக்கச் சொன்னேன். பகல் வெயில் ஏறியிருக்கும்.

ஏப்ரல் 6, சனி

நேற்றும் இன்றும் முட்டை நாற்றம் துளிக்கூட இல்லை. தொட்டி விளிம்பில் நின்று நன்றாக இழுத்துப் பார்த்தேன். எதுவும் இல்லை. தொட்டி அடங்கிவிட்டது. நோட்டிலும் அப்படியே எழுதினேன்.

ஆனால் தீப்பெட்டி மட்டும் விடாமல் கத்துகிறது. லேப்பில் இருந்து பத்தடி போனாலே ஆரம்பித்துவிடுகிறது. மாடுகள் மிரள்கின்றன. இன்று கம்பெனியிலிருந்து இரண்டு பேர் சும்மா பார்க்க வந்த சமயத்திலும் கத்தியது. "என்னங்க, ஃபயர் அலாரமா?" என்று ஒருவன் கேட்டான். மயில்சாமி அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அவர்கள் போனதும், "அத எங்கியாச்சும் தூக்கிப் போடு அம்மிணி" என்றார்.

என் மூக்குக்கு வராத நாற்றம் இதற்கு மட்டும் வருகிறதாம். பதினாறு வருடத்தில் எத்தனை மெஷின் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன். துண்டில் சுற்றி டிராயரில் வைத்துவிட்டேன். பழுது என்று சாரிடம் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

சாயங்காலம் வீடு முழுக்கப் புகை. அவர் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "ஏம் புள்ள, சோறு அடிப்புடிச்சுக் கருகுது, நீ பக்கத்துல நின்னு வெங்காயம் அரியற!" என்று கத்தினார். டிவி சத்தத்தில் கவனிக்கவில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. நதியா பாயசம் கொண்டுவந்து தந்தாள். ஏலக்காய் போட மறந்துவிட்டாய் போலிருக்கிறது என்றேன். "நெறையாப் போட்டிருக்குதுங்க்கா" என்றாள், முகம் சுண்டிப்போய்.

பிறகு பேசிக்கொண்டிருந்தாள். கருப்பண்ணசாமி கோயிலில் மாகாளி குடியை விட்டுக் கயிறு கட்டிக்கொண்டு இன்றோடு இரண்டு வருடமாம். அதற்கு முன்னால் அவன் அடித்த அடியில் இவளுக்கு முன்பல் ஒன்று போயிருக்கிறது. "கயித்த அறுத்தா சாமி உசுர எடுத்துரும்ங்க. அந்தப் பயம் இருக்குது அவருக்கு. இப்ப இருமல் மருந்துகூட மோந்து பாத்துட்டுத்தான் குடிப்பாரு" என்று சிரித்தாள். கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பாள்.

ஏப்ரல் 20, சனி

நான் சரியென்று அனுப்பிய நான்காவது கேன் குளிரூட்டும் இடத்துக்குப் போவதற்குள் திரிந்துவிட்டது. அதைப் பெரிய பால் டேங்கில் ஊற்றியதில் மொத்தப் பாலும் போச்சு. மயில்சாமி அண்ணன் என்னைப் பார்க்காமலே நஷ்டக் கணக்கை எழுதிக்கொண்டு போனார். திட்டாமல் போனதுதான் வலித்தது. கோடைச் சளி. ஆவி பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 26, வெள்ளி

தொட்டியைச் சுற்றி மூன்று பக்கமும் எட்டடிக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் தொட்டியே தெரியாது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணில் படக் கூடாதாம். உள்ளே போனால் காற்றே இல்லை. நோட்டில் "காற்று: இல்லை" என்று எழுதினேன். எல்லாவற்றையும் எழுதச் சொன்னாரே.

ஏப்ரல் 30, செவ்வாய்

சார் காரில் வந்தார். கட்டுரை கிட்டத்தட்ட முடிந்துவிட்டதாம். பனீர் தண்ணீரால் அமோனியா குறைவது பற்றி ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் வரப்போகிறது. லேப்டாப்பில் காட்டினார். தலைப்புக்குக் கீழே நான்கு பெயர்கள். அவர் பெயர், அவர் மாணவர்கள் இருவர், நான் கேள்விப்பட்டிராத ஒருவர்.

"உங்க பேரு கடைசியில நன்றின்னு வரும்மா" என்றார்.

அலாரத்தைப் பற்றிக் கேட்டார். "வேலை செய்யுதுங்க சார்" என்றேன். பெயர் போட மறந்தவரிடம் பழுது கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க எனக்குத் தோன்றவில்லை.

மே 7, செவ்வாய்

கத்திரி. நிழலிலேயே நாற்பது டிகிரி. தொட்டி மேல் ஒரு சாண் கனத்துக்கு ஏடு. சோளத்தட்டும் சாணியும் சேர்ந்து காய்ந்து, கோழி நடந்து போகலாம் போல் கெட்டி. அங்கங்கே உப்பி, வெடித்து, மறுபடி மூடிக்கொள்கிறது. அமோனியா 6.

மே 15, புதன்

நாளைக் காலை ஆறு மணிக்குக் கலக்கித் தொட்டியைப் பாதி காலி செய்ய வேண்டும். ஆய்வு இருபதாம் தேதி.

மே 16, வியாழன்

மாகாளி இறந்துவிட்டான்.

மே 17, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

டேங்கர் ஆறு மணிக்கு வரவில்லை. டயர் பஞ்சராம். பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. நாளைக்குக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று டேங்கர்க்காரன் சொன்னான். மயில்சாமி அண்ணன் முடியவே முடியாது என்றார். உச்சி வெயில், வேப்பிலைகூட அசையவில்லை. மாகாளி டிராக்டரை ஓட்டிக்கொண்டு போய்க் கலக்கியைத் தொட்டியில் இறக்கினான். ஏட்டை உடைத்துக்கொண்டு அது சுற்ற ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் இருக்கும். சோளத்தட்டுச் சுற்றிக்கொண்டு கலக்கி நின்றுவிட்டது. அதை இழுத்துவிடத் தொரட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு கரையில் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. சத்தம்கூடப் போடவில்லை. அப்படியே மடிந்து உள்ளே போய்விட்டான்.

நான் தகரத் தடுப்பின் திறந்த பக்கத்தில் நின்றிருந்தேன். ஓடினேன். நாலடி வைப்பதற்குள் கால் துவண்டுவிட்டது. டேங்கர்க்காரன் என் ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து வெளியே போட்டான். யாரும் உள்ளே இறங்காதீர்கள் என்று அவன்தான் கத்தினான். தீயணைப்பு வண்டி வர நாற்பது நிமிடம். எடுத்துத் தார்ப்பாயில் கிடத்தினார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முகத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அதற்குள் நதியா வந்துவிட்டாள்.

அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மே 18, சனி

போலீஸ் வந்தது. எல்லாரிடமும் கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

பண்ணை மூடினால் அறுபது குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். யாராவது அதை யோசிக்க வேண்டாமா?

மே 19, ஞாயிறு

தீப்பெட்டியை எடுத்துச் சார்ஜ் போட்டேன். தொட்டிப் பக்கம் கொண்டுபோனேன். நன்றாக வேலை செய்கிறது.

மே 20, திங்கள்

ஆய்வு நடந்தது. நான்கு பேர் வந்தார்கள். அமோனியா 7. மிக நல்ல பராமரிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள். நடந்த விபத்துக்கு வருத்தம் தெரிவித்தார்கள். தகரத்துக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவன் ஒருவனும் இல்லை.

மே 21, செவ்வாய்

வீட்டில் அவர் பேப்பரை மடித்து என் முன்னால் வைத்தார். உள்பக்கத்தில் நான்கு வரி. "மது போதையில் சாணித் தொட்டியில் தவறி விழுந்து தொழிலாளி பலி."

"மாகாளி குடிச்சிருந்தானா புள்ள?" என்று கேட்டார். மாடு கழுவப் போக நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். எங்கள் வீட்டில் மாடு கிடையாது.

மே 23, வியாழன்

சார் போன். குரல் தேன் மாதிரி இருந்தது. "அலாரம் மாட்டியிருந்தீங்கதானே?" "மாட்டியிருந்தேன் சார்." "கத்துச்சா?" போனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு, "கருவி கல்லூரி பேர்ல இருக்கு. அத பத்தி யார்கிட்டயும் பேச்செடுக்க வேண்டாம். பனீர் தண்ணி ஐடியா உங்களோடதுன்னு கட்டுரையில தெளிவாவே போட்டுடறேன்" என்றார்.

இப்போது என் ஐடியா.

மே 27, திங்கள்

பதினெட்டாம் தேதி எழுதாமல் விட்டதை இன்று எழுதுகிறேன். இந்த டைரியிலும் பொய் எழுதினால் நான் வேறு எங்கே போய்ச் சொல்வது.

ஆபீஸ் அறையில் எஸ்.ஐ. உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மயில்சாமி அண்ணன். "குடிக்கிற ஆள்தானே?" என்று எஸ்.ஐ. கேட்டார்.

"ரெண்டு வருசமா விட்டுட்டான்னு பேச்சுங்க. ஆனா விட்டவன் மறுபடியும் தொடறது புதுசுங்களா?" என்றார் அண்ணன். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம அம்மிணிதான் மூஞ்சியத் தொடச்சுது. அது மூக்கப் பத்தி இந்தப் பக்கம் யாரை வேணும்னாலும் கேளுங்க."

எஸ்.ஐ. என்னைப் பார்த்தார். "ஏம்மா, சாராய வாடை வந்துச்சா?"

வந்தது என்று சொல்லலாம். வரவில்லை என்று சொல்லலாம். இரண்டுமே பொய். எனக்கு எந்த வாடையும் வரவில்லை என்பதுதான் நிஜம். சாணியில் முக்கி எடுத்த ஆளின் முகத்தை மடியில் வைத்துத் துடைத்தேன், எனக்குச் சாணி வாடைகூட வரவில்லை. கருகிய சோறு வரவில்லை, ஏலக்காய் வரவில்லை, திரிந்த பால் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக என் மூக்கு செத்துக் கிடந்தது. அந்த வாயு முதலில் நாறும், பிறகு மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது தெரியாது. தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மூக்கு போய்விட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? எப்போதிலிருந்து? பிறகு எதை வைத்துத் தொட்டி அடங்கிவிட்டது என்று நோட்டில் எழுதினாய்? கத்துகிற கருவி எங்கே?

"லேசா வந்துச்சுங்க" என்றேன்.

அறுபது குடும்பம் என்று எழுதியிருக்கிறேனே, அந்த நேரத்தில் ஒரு குடும்பமும் என் ஞாபகத்தில் இல்லை. என் மேசை டிராயர்தான் ஞாபகத்தில் இருந்தது.

மே 28, செவ்வாய்

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைத்தான் எழுதாமல் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

கலக்கியை இறக்குவதற்கு முன்னால் மாகாளி லேப் வாசலுக்கு வந்தான். "அக்கா, போன வாட்டி தல சுத்திருச்சு. அந்தப் பொட்டி என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க. கத்துச்சுன்னா பொழுதெறங்கிக் கலக்கிக்கலாம்" என்றான்.

பெட்டி பழுது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவனோடு தொட்டி வரைக்கும் போனேன். எல்லாரும் பார்க்க, கரையில் நின்று, கேன் மூடியைத் திறந்து இழுப்பது போல ஒரு இழுப்பு இழுத்தேன்.

"ஒரு வாடையும் இல்ல. போ" என்றேன்.

அவன் போனான்.

மே 29, புதன்

நதியா வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. பதின்மூன்று நாளில் பாதியாக இளைத்துப்போயிருந்தாள்.

அழுவாள் என்று நினைத்தேன். சண்டை போடுவாள் என்றும் நினைத்தேன், அதற்கு ஆசைகூடப் பட்டேன். அவள் மெதுவாகக் கேட்டாள்: "ஏனுங்க்கா, அது பிராந்தி வாடைங்களா, கள்ளுங்களா?"

கேட்டுக் கொண்டியைத் திறந்தேன், மறுபடி மாட்டினேன்.

"யாரு கூடச் சேந்து குடிச்சாருன்னு தெரிஞ்சுக்கணும்ங்க. அன்னைக்குக் காலையில புள்ள தலையத் தொட்டுட்டுத்தான் வேலைக்கு வந்தாரு. போலீசு சொன்னப்ப நான் நம்பலைங்க. மொதலாளி சொன்னப்பவும் நம்பல. உங்க பேரச் சொன்னாங்க. நீங்க எதுக்குங்க்கா பொய் சொல்லப் போறீங்க."

பிறகு அவள் சொன்னதை எழுதக் கூசுகிறது. மாகாளி கயிறு கட்டிக்கொண்டு திருட்டுத்தனமாகக் குடித்தான், கருப்பண்ணசாமி தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டது என்று அவர்கள் தெரு முழுக்கப் பேச்சாம். ஒரு வருடத்துக்குக் குடும்பமே கோயில் படி மிதிக்கக் கூடாது என்று பூசாரி சொல்லிவிட்டாராம். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவன் அண்ணன் தம்பிகளே வரப் போவதில்லை. "நானும் செய்யறதா இல்லீங்க. என்னைய ரெண்டு வருசம் ஏமாத்திப் போட்ட ஆளுக்கு என்னத்துக்குங்க காரியம்? போட்டோவைக் கழட்டி வெச்சுட்டேன்" என்றாள்.

பல் போன இடம் தெரிந்தது. இந்தத் தடவை கையால் மறைத்துக்கொள்ளவில்லை.

மே 31, வெள்ளி

பதினாறாம் நாள். அவள் வேலைக்கு வந்திருந்தாள். நாள் முழுக்கப் பாத்திரம் கழுவினாள்.

ஜூன் 2, ஞாயிறு

போய்ச் சொல்லிவிட்டேன்.

மதியம் அவரிடம்கூடச் சொல்லாமல் நடந்தே போனேன். அவர்கள் தெருவுக்குள் நான் போவது இதுதான் முதல் தடவை. எந்த வீடு என்று விசாரிக்க வேண்டியிருந்தது. ஆறு வருடமாகத் தினம் பார்க்கிற ஆள்.

நதியா பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு பேச்சுப் பேசிவிட்டு வந்துவிடுவேன் என்று எனக்கே தெரியும். நின்றபடி சொன்னேன்.

"நதியா, அன்னைக்கு எனக்குச் சாராய வாடை வரல. மாகாளி குடிச்சிருக்கல. நான் போலீசுகிட்டச் சொன்னது பொய்."

கத்துவாள், முகத்தில் துப்புவாள், தெருவைக் கூட்டுவாள் என்று நின்றிருந்தேன். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை நாளில் அவள் அழுது நான் பார்த்தது அப்போதுதான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பெரிய மனசுங்க்கா உங்களுக்கு" என்றாள். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இந்த வெயில்ல நடந்து வந்திருக்கறீங்க."

"ஆறுதலுக்குச் சொல்லல நதியா. நெசமாத்தான் சொல்றேன். அவன் குடிக்கவே இல்ல."

"வேண்டாங்க்கா." தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். "ஒரே பாயில படுத்த எனக்கே தெரியாம ஏமாத்திட்டாரு. உங்க மூக்கத்தான் அவரால ஏமாத்த முடியல. எனக்காகப் போயி நீங்க பொய் சொல்லாதீங்க."

மீதியையும் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். கரையில் நின்று நான் என்ன செய்தேன், என்ன சொல்லி அவனை அனுப்பினேன் என்று சொல்லியிருந்தால் நிச்சயம் நம்பியிருப்பாள். அதைச் சொல்வதற்குத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன்.

அவள் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து, தருவதா வேண்டாமா என்று தயங்கி நின்றாள். வாங்கிக் குடித்தேன். "வர்றேன் நதியா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.